தெருவைப் படமெடுக்கும் காரும் நம் வீட்டு வாசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுள் மேப்பில் சென்னைத் தெருக்களுக்குள் நடந்து போவது போலவே பார்க்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து, அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர்களிடமும் எனக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. ஓய்வு நேரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் எங்கள் பகுதித் தெருக்களைச் சேர்த்து வருகிறேன், அதற்காகத் தெருப்படங்களும் எடுத்துக் கொடுக்கிறேன், அதனால் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு வரைபடங்கள் மிகவும் பிடிக்கும். ஆனால் வீட்டு வாசல் என்பது அந்த வீட்டுக்காரர்களுடையது என்றும் உறுதியாக நம்புகிறேன். பதில்களை அந்த இரண்டையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

தெருக்காட்சி (ஸ்ட்ரீட் வியூ) படங்களை எப்படி எடுக்கிறார்கள்?

காரின் கூரைமேல் ஒரு கம்பம், அதன் உச்சியில் எல்லாத் திசையிலும் பார்க்கும் கேமராக்கள். கார் நகர நகரச் சில மீட்டருக்கு ஒருமுறை படமெடுத்து, அவற்றை ஒட்டி ஒரே சுற்றுப்படமாக ஆக்குகிறார்கள். ஒவ்வொரு படத்துடனும் அது எடுக்கப்பட்ட இடம் ஜிபிஎஸ் மூலம் பதிவாகும். கார் நுழையாத இடங்களுக்கு முதுகில் மாட்டும் கேமராவும் உண்டு. கூகுள் இதை 2007 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், லாஸ் வேகஸ், மயாமி, டென்வர் ஆகிய ஐந்து அமெரிக்க நகரங்களில் தொடங்கியது. இன்று ஆப்பிள், மேப்மைஇந்தியா, மேப்பிலரி எனப் பலரும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

இது நேரலையா? இந்த நிமிடம் நான் வாசலில் நிற்பது தெரியுமா?

தெரியாது. சில மாதங்களோ சில ஆண்டுகளோ பழைய படம்தான் அது. எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று திரையிலேயே இருக்கும்.

இந்தியாவுக்கு இது ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

2011இல் பெங்களூரில் கூகுள் கார்கள் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே நகரப் போலீஸ் நிறுத்தச் சொன்னது. 2016இல் உள்துறை அமைச்சகமும் பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியபோது ஒரு நிபந்தனை வைத்தது: தெருமட்டப் படங்களை இந்திய நிறுவனங்கள் மட்டுமே எடுக்கலாம். அதனால் கூகுள் தானே எடுக்காமல், ஜெனிசிஸ் இன்டர்நேஷனல், டெக் மஹிந்திரா என்ற இரண்டு நிறுவனங்கள் எடுத்த படங்களைப் பெற்று, 2022 ஜூலை 27 அன்று பத்து நகரங்களில் தொடங்கியது. அந்தப் பத்தில் சென்னையும் ஒன்று.

இந்தப் பதினோரு ஆண்டுகளில் பேசப்பட்டதெல்லாம் ராணுவ இடங்கள், பயங்கரவாதம், எந்த நாட்டு நிறுவனம் எடுப்பது என்பவைதான். வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும் பாட்டியைப் படமெடுக்கலாமா என்ற கேள்வி பெரிதாக எழவே இல்லை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் விவாதம் அந்தப் பாட்டியிடமிருந்துதான் தொடங்கியது. நமக்கு அது நடக்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

தெரு பொது இடம்தானே? போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்களே, அதில் என்ன அந்தரங்கம்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

தெருவில் போகிறவர் நம்மைப் பார்க்கிறார் என்றால், நாமும் அவரைப் பார்க்கிறோம். வெறித்துப் பார்த்தால், ‘யாருங்க வேணும்?’ என்று கேட்டுவிடலாம். பார்த்தவர் பத்து நிமிடத்தில் மறந்தும் போவார். கேமரா பார்ப்பது அப்படியல்ல. அது பார்த்ததை வைத்துக்கொள்கிறது. பிறகு யார் பார்க்கிறார்கள், எத்தனை முறை பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது உயரம். நாம் காம்பவுண்டுச் சுவரை எழுப்புவது நடந்து போகிறவரின் கண்ணை மனதில் வைத்து. ஐந்தரை, ஆறு அடியில் சுவர் இருந்தால் உள்ளே கொடியில் காயும் துணியும், கிணற்றடியும், பின்கட்டும் தெரியாது என்று நிம்மதியாக இருக்கிறோம். கம்பத்தின் உச்சியிலுள்ள கேமராவோ சுவரைத் தாண்டிப் பார்க்கும். ஜப்பானில் தெருக்கள் குறுகல், வீடுகள் தெருவை ஒட்டியே இருக்கும். அங்கே புகார்கள் வந்த பிறகு 2009இல் கூகுள் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி, எடுத்த இடங்களைத் திரும்ப எடுத்தது. 2012இல் சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றம், சாதாரணமாக நடந்து போகிறவரின் கண்ணுக்குத் தெரியாத முற்றமும் தோட்டமும் அனுமதியின்றிப் படத்தில் வரக் கூடாது என்று கூறி, கேமரா உயரத்துக்கு இரண்டு மீட்டர் அளவை வைத்தது. இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே எனக்கு மிகவும் சரியாகப் படுவது இந்தத் தீர்ப்புதான். மனிதக் கண்ணையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது.

அர்ஜென்டினாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017இல் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில், சுமார் இரண்டு மீட்டர் சுவருக்குப் பின்னால் ஆடையில்லாமல் நின்றதைத் தெருக்காட்சி கேமரா எடுத்துவிட்டது. வீட்டு எண்ணும் தெருப் பெயரும்கூடப் படத்தில் இருந்தன. படம் பரவி, அவர் வேலையிடத்திலும் அக்கம்பக்கத்திலும் கேலிக்கு ஆளானார். கீழ் நீதிமன்றம் அவர்மேலேயே குறை சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025இல் அதை மாற்றி, கூகுள் அவருக்குச் சுமார் 12,500 டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

நம் ஊர் வாசல் வெறும் எல்லைக்கோடாக என்றுமே இருந்ததில்லை. திண்ணை பாதி வீடு, பாதி தெரு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் ஒட்டு வீடுகளில் கதவு திறந்திருந்தால் கூடம் வரை தெரியும். தெருவில் போகிறவர் நின்று உள்ளே பார்க்க மாட்டார், அது ஒரு பழக்கம், ஒரு மரியாதை. நம் அந்தரங்கத்தைச் சுவரைவிட அதிகமாகக் காப்பாற்றி வந்தது அந்த மரியாதைதான். கேமராவுக்கு அது தெரியாது, அதனால்தான் விதிகள் தேவைப்படுகின்றன.

முகத்தையும் நம்பர் பிளேட்டையும் மங்கலாக்கிவிடுகிறார்களே, அது போதாதா?

அது நல்ல ஏற்பாடு. ஆனால் போதாது.

2008இல் கூகுள் இதைக் கொண்டு வந்தது. மென்பொருள்தான் முகத்தைத் தேடி மங்கலாக்குகிறது. பக்கவாட்டு முகம், நிழலில் இருக்கும் முகம், கண்ணாடியில் தெரியும் முகம் இவையெல்லாம் சில நேரம் தப்பிவிடும். முகமே இல்லாததை முகம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு பசுவின் முகத்தை மங்கலாக்கியது 2016இல் செய்தியானது. நான் சொன்ன சுவிஸ் தீர்ப்பும், தானாக மங்கலாக்குவதில் நூற்றுக்கு ஒன்று வரை தவறலாம், அவற்றைப் புகார் வந்ததும் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது.

என் கவலை அந்த ஒரு சதவீதம் பற்றியதல்ல. முகத்தை மறைத்தாலும் ஒருவரை அடையாளம் காட்டிவிடும் பொருள்கள் நம் தெருக்களில் ஏராளம். வீட்டுக்கு வெளியே பெயர், படிப்பு, பதவி எல்லாம் போட்ட பலகை. கேட்டில் தொங்கும் ‘டு லெட்’ அட்டையில் செல்போன் எண். ஸ்கூட்டரில் வழக்கறிஞர் ஸ்டிக்கர், காரின் பின்கண்ணாடியில் குழந்தைகளின் பெயர்கள். தெருமுனையில் மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ்: பெண் குழந்தையின் படம், பெயர், அப்பா பெயர், தெருப் பெயர். விழா முடிந்து மறுநாள் கழற்றப்படும் அந்தப் பேனர், அன்றைக்குக் கார் வந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் வரைபடத்தில் தொங்கும். முகம் மங்கலாகும், எழுத்து ஆகாது.

ஆளைத் தெரிந்தவர்களுக்கு முகமே தேவையில்லை. நடையும் புடவையும் வண்டியும் போதும்.

என் வீடு தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மறைக்க முடியுமா?

கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, வலது கீழ் மூலையில் இருக்கும் மஞ்சள் நிறச் சிறு மனித உருவத்தை இழுங்கள். படம் உள்ள தெருக்கள் நீல நிறத்தில் தெரியும். உங்கள் தெருவில் விட்டால் உள்ளே போய்விடுவீர்கள். செல்போனில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் கீழே ஒரு சிறிய படம் வரும், அதைத் தொட வேண்டும்.

மறைக்க வேண்டுமானால், அந்தப் படத்தில் இருந்தபடியே ‘ரிப்போர்ட் எ பிராப்ளம்’ என்ற இணைப்புக்குப் போங்கள். செல்போனில் அது மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும். ஒரு சிவப்புக் கட்டம் வரும், அதை உங்கள் வீட்டின்மீது சரியாகப் பொருத்துங்கள். மறைக்க வேண்டியது முகமா, வீடா, வண்டி எண்ணா என்று தேர்ந்தெடுத்து, எந்தப் பகுதி என்பதை ஒரு வரியில் எழுதி, மின்னஞ்சல் முகவரி கொடுத்து அனுப்புங்கள். காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம். ‘பச்சை கேட், இரண்டு மாடி, இடப்பக்க வீடு’ என்று துல்லியமாக எழுதுவது நல்லது, இல்லையென்றால் பக்கத்து வீட்டை மறைத்துவிடலாம். பழைய ஆண்டுகளின் படங்களும் இருந்தால் அவற்றையும் திறந்து பாருங்கள்.

அனுப்பும் முன் ஒன்றை யோசியுங்கள். வீட்டை மறைத்தால் மறைத்ததுதான், திரும்பக் கிடைக்காது. வீட்டை விற்கும்போதோ, வருகிறவருக்கு வழிகாட்டும்போதோ வேண்டும் என்று தோன்றினாலும் முடியாது.

எல்லோரும் மறைத்துவிடுவதுதான் நல்லதா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் 2010இல் தொடங்கும் முன்பே மறைக்கக் கேட்கும் வாய்ப்பைத் தந்தார்கள். முதல் 20 நகரங்களில் 2,44,237 வீடுகள் வேண்டாம் என்றன. மொத்தத்தில் அது சுமார் மூன்று சதவீதம்தான் என்றாலும், தெருவெங்கும் மங்கல் சதுரங்களாகத் தெரிந்தது. எஸ்ஸன் நகரில் அப்படி மறைத்த சில வீடுகள்மீது முட்டை வீசிய சம்பவம்கூட நடந்தது. தெரு முழுக்கத் தெளிவாக இருக்க, ஒரு வீடு மட்டும் மறைந்திருந்தால் அதுவே கண்ணை உறுத்தும்.

எனவே காரணம் இருந்தால் மறையுங்கள். ஜன்னல் வழியே உள்ளே தெரிகிறது, வீட்டு ஆள் வாசலில் சங்கடமான நிலையில் பதிவாகிவிட்டார், பேனரில் பிள்ளையின் பெயர் இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். அப்போதும் அந்த ஆளை, அந்த ஜன்னலை, அந்தப் பேனரை மட்டும் மறைக்கக் கேட்பதே பெரும்பாலும் போதும்.

முன்னாள் கணவரிடமிருந்தோ துன்புறுத்துபவரிடமிருந்தோ தள்ளி வாழ்பவர்கள் என்ன செய்வது?

அவர்கள் முழு வீட்டையும் மறைக்கக் கேட்கலாம், வண்டியையும் சேர்த்து. புது முகவரியை யாரிடம் சொல்கிறோம் என்பதில் உள்ள கவனம் படத்திலும் இருக்க வேண்டும்: ஒருவர் முகவரியைத் துல்லியமாக அறியாவிட்டாலும், ‘அந்தச் சிவப்பு ஸ்கூட்டி’ என்று தேடிக்கொண்டே தெருத் தெருவாகத் திரையில் நடக்க முடியும். பெண்கள் காப்பகம், முதியோர் இல்லம், பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், சிறை போன்ற இடங்களுக்கு முன்னால் முகத்தை மட்டுமல்ல, ஆடை, தோல் நிறம் உள்படத் தனி அடையாளங்கள் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்றது சுவிஸ் நீதிமன்றம். அதே விதி இந்தியாவுக்கும் வர வேண்டும். யாரும் புகார் கொடுக்கக் காத்திருக்கக் கூடாத இடங்கள் இவை.

திருடர்கள் இதைப் பார்த்துத் திட்டமிட மாட்டார்களா?

பூட்டு எங்கே, சுவர் எவ்வளவு உயரம், நாய் இருக்கிறதா என்பதெல்லாம் ஓரளவு தெரியத்தான் செய்யும். ஆனால் திருட வருகிறவருக்கு வேண்டியது வீட்டில் இப்போது ஆள் இருக்கிறதா என்பது. அதைப் பழைய படம் சொல்லாது. ‘குடும்பத்தோடு ஊட்டியில்’ என்று நாமே போடும் ஸ்டேட்டஸ் சொல்லும்.

படம் இருந்தால் இருக்கட்டும், அதை வைத்து நிறுவனங்கள் என்ன செய்துவிட முடியும்?

நம்மில் பலர் யோசிக்காத பக்கம் இது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 200 நகரங்களின் ஐந்து கோடித் தெருக்காட்சிப் படங்களைக் கணினிக்குக் கொடுத்து, அவற்றில் நின்ற கார்களின் வகையை மட்டும் கண்டுபிடிக்கச் செய்தார்கள். அதை வைத்தே ஒரு பகுதியின் வருமானம், படிப்பு, எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதையெல்லாம் ஓரளவு சரியாகக் கணித்தார்கள். இன்னொரு ஆய்வு போலந்தில் நடந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் 20,000 வாடிக்கையாளர்களின் வீட்டுப் படங்களைப் பார்த்து, வீடு பழையதா, எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். அந்த வாடிக்கையாளர்கள் கார் விபத்தில் சிக்கும் வாய்ப்பைக் கணிக்க அது உதவியது.

சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்கும் ஒருவர் வண்டி ஓட்டும் திறமைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பிரீமியம் உயர்ந்தால், ஏன் உயர்ந்தது என்று அவருக்குத் தெரியவே போவதில்லை. முகத்தை மங்கலாக்குவதால் இதைத் தடுக்க முடியாது, இங்கே பார்க்கப்படுவது முகமே அல்ல. கடன், காப்பீடு, வாடகை ஆகியவற்றில் வீட்டின் தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கார் வைஃபையையும் எடுத்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2010 மே மாதம் கூகுளே ஒப்புக்கொண்டது. 30க்கும் மேற்பட்ட நாடுகளில், கடவுச்சொல் போடாத வைஃபைகளில் போய்க்கொண்டிருந்த தகவல்களின் துண்டுகளை அதன் கார்கள் சேமித்திருந்தன, அவற்றில் மின்னஞ்சல்களும் கடவுச்சொற்களும்கூட இருந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க் தகவல் பாதுகாப்பு அதிகாரி காட்டச் சொல்லிக் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. 2013இல் அமெரிக்காவின் 38 மாநிலங்களுக்கு 70 லட்சம் டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது: ரவுட்டருக்குக் கடவுச்சொல் போடுங்கள். உங்கள் வைஃபையை இடம் கண்டறியக் கூகுள் பயன்படுத்த வேண்டாம் என்றால், வைஃபை பெயரின் இறுதியில் ஒரு அடிக்கோடும் ‘நோமேப்’ என்ற சொல்லும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்க்க வேண்டும். அப்புறம், வைஃபைக்கு வீட்டு எண்ணையோ உங்கள் பெயரையோ வைக்காதீர்கள்.

இந்தியச் சட்டம் நம்மைக் காப்பாற்றுமா?

ஓரளவுக்கு. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தன் போக்கில் விடச் சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. ஒருவரை அடையாளம் காட்டும் தகவல் பொதுவாக அதற்குள் வரும் என்பதால், மங்கலாக்கத் தவறிய முகமும் அதன்கீழ் வர வேண்டும் என்று நான் வாசிக்கிறேன். ஆனால் தெருப்படத்துக்கென்று, கேமரா உயரத்துக்கென்று தனி விதி அதில் இல்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் அனுமதியின்றி வேண்டுமென்றே படமெடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அது குற்றவாளிகளுக்கானது. கொடியில் காயும் துணிக்கு அதில் இடமில்லை.

நாமே போடும் படங்களிலும் இந்த ஆபத்து உண்டா?

உண்டு, சொல்லப்போனால் அதிகம். தெருப்படத்துக்கு உங்கள் வீடு தெரியும், பெயர் தெரியாது. உங்கள் இன்ஸ்டாகிராமுக்குப் பெயர் தெரியும், வீடு தெரியாது. பால்கனியில் நின்று எடுத்த ஒரு செல்ஃபி இரண்டையும் சேர்த்துவிடும். பின்னால் தெரியும் தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டு கிரில், கோயில் கோபுரத்தின் ஒரு துண்டு, இவற்றைத் தெருப்படத்தோடு ஒப்பிட்டு இடத்தைச் சொல்லும் விளையாட்டே ‘ஜியோகெஸர்’ என்ற பெயரில் 2013 முதல் இருக்கிறது. இன்று அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் செய்கின்றன. என் பெரியம்மா மகள் தினமும் தன் கோலத்தைப் படமெடுத்துப் போடுவாள். கேட்டும் வீட்டு எண்ணும் வராமல் தரையை மட்டும் எடு என்று சொன்னேன். இப்போது அப்படித்தான் எடுக்கிறாள், கோலமும் முன்பைவிட நன்றாகத் தெரிகிறது.

அப்படியானால் நீங்கள் ஏன் தெருப்படம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?

தெருவிளக்கு எரியாத சந்து, நடைபாதை உடைந்த இடம், சக்கர நாற்காலி ஏற முடியாத பேருந்து நிறுத்தம், இவற்றையெல்லாம் நேரில் போகாமலேயே வரைபடத்தில் குறிக்கத் தெருப்படம் மிகவும் உதவுகிறது. யார் வேண்டுமானாலும் தெருப்படம் ஏற்றக்கூடிய மேப்பிலரி தளத்தில் ஏற்றும் படங்களில் முகமும் வண்டி எண்ணும் தானாகவே மங்கலாகும், ஆனாலும் ஏற்றும் முன் நானும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். கேமராவை என் நெஞ்சு உயரத்துக்கு மேலே பிடிப்பதில்லை. பெண்கள் வாசல் தெளிக்கும் நேரத்திலும் பள்ளி விடும் நேரத்திலும் எடுப்பதில்லை. ‘எதுக்குப்பா எடுக்கற?’ என்று யாராவது கேட்டால் நின்று காட்டிவிடுவேன். போன மாதம் ஒரு தாத்தா, தன் வீட்டை எடுக்க வேண்டாம், ஆனால் எதிரிலிருக்கும் திறந்த சாக்கடையைக் கட்டாயம் எடு என்றார். அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டு வந்தேன்.